பெயரும் பேரேடும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலின் பொருட்டே பலரும் எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அக்கல்வெட்டுகளில் ஓலையைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாது போனவரின் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படலாகாது; அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் இடப்படலாகாது என்பதே அவ்விதி. அச்சபை நிலமுடைய அந்தணரின் சபை. ஏர் பிடித்த உழவனுக்கு அங்கே இடமில்லை. அக்குறை ஒருபுறமிருக்க, கணக்குக் காட்டாமையைக் களவுக்கு நிகராக எண்ணிய தெளிவு அவ்விதியில் ஒளிர்கிறது. கணக்கு வராத இடத்தில் பெயருக்கு மதிப்பில்லை என்பதைத் தமிழ் மண்ணின் ஊராட்சி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது.

ஓர் அமைப்பு எவ்வாறு மதிப்பைப் பெறுகிறது என்னும் வினாவுக்கு இக்காலத்தார் மூன்று விடைகளைக் கூறுவர். முனைப்போடு தொழில் தொடங்குதல் ஒன்று. நெறியோடு நிருவகித்தல் மற்றொன்று. மக்களிடையே நற்பெயர் பெறுதல் பிறிதொன்று. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் அமைப்பு வளரும் என்பது எளிய கூற்று. இவற்றுள் எது எதனைத் தாங்குகிறது, எது தளர்ந்தால் எது சரியும் என்பதே ஆராயற்பாலது. அதனை ஆராய்வதற்குப் பேராக் மாநிலத்தினும் பொருத்தமான களம் மலேசியத் தமிழர்க்கு வேறில்லை. இந்நாட்டு இந்தியரின் பணத்தைச் சிறுகச் சிறுகத் திரட்டிய இரு பெரும் முயற்சிகளை முன்னின்று நடத்திய தலைவர் இருவரும், ஒருவர்பின் ஒருவராகச் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்கள். தொகுதி ஒன்று, கட்சி ஒன்று, நம்பிப் பணம் தந்த மக்களும் ஒரே தோட்டப்புற மக்கள். விளைவு மட்டும் வேறு. அவ்வேற்றுமையின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலாசம் என்னும் முதல்

ஈயத்தாலும் ரப்பராலும் ஈப்போ நகரம் எழுந்த காலத்தில், தமிழரிடையே அமைப்பாகத் தொழில் நடத்தியவர்கள் நகரத்தார். அவர்தம் வட்டிக்கடைகளுக்குக் குடும்ப முன்னெழுத்துகளால் ஆகிய ‘விலாசம்’ என ஒன்று உண்டு. அவ்விலாசமே அவர்களின் பெரும் முதல். கடல் கடந்த ஊரில் ஒருவர் எழுதித் தந்த சீட்டு மற்றோர் ஊரில் பணமாக மாறியது விலாசத்தின் வலிமையாலேயே ஆகும். ஆயின் விலாசம் தனியே நிற்கவில்லை. அதன் பின்னே பேரேடு இருந்தது, ஐந்தொகை இருந்தது, ஏறத்தாழ மூன்றாண்டு தவணைக்கு வந்து மாறிச் செல்லும் ஏஜெண்டு இருந்தார், அவர் செட்டிநாட்டு முதலாளிக்குத் தவறாது அனுப்பும் கணக்கு இருந்தது, கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்யும் வழக்கமும் இருந்தது. பெயரைக் கணக்குத் தாங்கியது. கணக்கைச் சமூகம் கண்காணித்தது.

இம்முறையின் எல்லையும் வெளிப்படை. அந்நம்பிக்கை ஒரு குலத்தின் வட்டத்துக்குள் அடங்கியது. பால்மரம் வெட்டிய தொழிலாளி அவ்வட்டத்தினுள் கடனாளியாக நுழையலாம். பங்காளியாக நுழைய இயலாது. கங்காணியும் கிராணியும் துரையும் ஆண்ட தோட்டத்தில் அவன் பெயர் செக்ரோலில் மட்டுமே இருந்தது. அவன் பெயர் ஒரு பங்கேட்டில் ஏறுவதற்கு 1960ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தலைப்பட்டனர். வாங்கியோர் பெரும்பாலும் தோட்டம் நடத்த வந்தவரல்லர். பெருந்தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிச் சிறு உடைமையாளர்க்கு விற்று இலாபம் காண்பதே அவர்தம் தொழில். இதனையே ‘தோட்டத் துண்டாடல்’ என்னும் சொல்லால் அக்காலத் தமிழ் ஏடுகள் குறித்தன. துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயம் இல்லை, மருத்துவ வசதி இல்லை, தமிழ்ப்பள்ளியும் நிலைப்பதில்லை. வேலையோடு வீடும் வீட்டோடு பள்ளியும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனியே ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டிய அளவுக்கு அது நாட்டுச் சிக்கலாக வளர்ந்திருந்தது.

அவ்வேளையில் ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் வீ.தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலாகங்சார் கிளிபர்டு பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்றவர். அவருடைய தந்தையார் தமிழகத்திலிருந்து தொழிலாளியாக வந்து ரப்பர்த் தோட்ட உடைமையாளராக உயர்ந்தவர். எனவே மரத்தின் கீழ் நிற்பவன் மரத்துக்கு உரியவனாதல் கூடும் என்பது அவருக்கு நூலறிவன்று, குடும்ப அனுபவம். தோட்டத்தை எவரேனும் வாங்கித்தான் ஆக வேண்டுமெனில், தொழிலாளரே அதனை ஏன் வாங்கலாகாது என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் வடிவமாகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியது. பங்கு 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். தோட்டந்தோறும் சென்று அவரும் தோழர்களும் உறுப்பினர் சேர்த்தனர். நாட்கூலி பெற்று வாழ்ந்தவனுக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அத்தொகையிலிருந்தே கெடாவின் புக்கிட் சிடிம் தொடங்கி, தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சங்கத்தின் உடைமையாயின.

இம்முயற்சியைத் தலைவர் ஒருவரின் பெருமையாக மட்டும் போற்றி முடித்தல் எளிது. அவ்வாறே பல மேடைகளில் போற்றி முடிக்கின்றனர். ஆனால் அதன் வெற்றியைப் பகுத்து நோக்கின் மூன்று கூறுகள் புலப்படும்.

முதலாவது, முனைப்பு உரிய இடத்தில் பிறந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அறியாத தொழில் ஒன்றை அது காட்டவில்லை. அவர்கள் நன்கறிந்த ரப்பர் நிலத்தையே வாங்கிற்று. இரண்டாவது, கூட்டுறவு என்னும் அமைப்பின் விதி. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் 28 பேர் ஒரு சிறு கடை திறந்து வகுத்த நெறி உலகெங்கும் பரவியது. எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பது அதன் உயிர்நாடி. ஆயிரம் பங்கு உடையவரும் ஒரு பங்கு உடைய பால்மரத் தொழிலாளியும் அங்கே நிகர். மூன்றாவது, தலைவரின் நற்பெயர். பொதுவாழ்வில் அவர்தம் குடும்பச் செல்வம் குறைந்ததேயன்றிப் பெருகவில்லை என்பது அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடும் செய்தி. 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழக் காரணமாக இருந்தவர் என்னும் பெயரும் முன்பே இருந்தது. பள்ளியைக் கண்ணால் கண்டவர்கள் சங்கத்தையும் நம்பினர்.

இம்மூன்றினும் மேலாக, பெரிதும் பேசப்படாத நான்காவது கூறு ஒன்று உண்டு. அதுவே ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. சங்கத்தின் உடைமை கண்ணுக்குத் தெரிந்தது. உறுப்பினனுக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட ஐந்தொகையைப் படிக்கத் தெரியாதிருக்கலாம். மரத்தைப் படிக்கத் தெரியும். பட்டை ஆழமாக வெட்டிப் பாழாக்கப்பட்டிருக்கிறதா, நிரையில் களை மண்டிக் கிடக்கிறதா, பழைய மரத்தை அழித்து மறுநடவு செய்தார்களா, வாளியில் பால் குறைகிறதா என்பவற்றை அவன் ஒரே பார்வையில் அறிவான். கணக்காய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தார். தோட்டத்தில் வாழ்ந்த உறுப்பினன் நாள்தோறும் விடியற்காலையில் தணிக்கை செய்தான். எழுத்தறியாதவனும் தணிக்கையாளனாக நிற்கக்கூடிய ஓர் உடைமையைத் தேர்ந்ததே அச்சங்கத்தின் ஆழ்ந்த அறிவுடைமை. திட்டமிட்டுச் செய்ததோ, சூழ்நிலையால் நேர்ந்ததோ, பயன் அதுவாயிற்று.

மைக்காவின் கதை

1979ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் துன் சம்பந்தன் மறைந்தார். அதற்குள் நாட்டுப் பொருளாதாரத்தின் போக்கு மாறிவிட்டிருந்தது. 1978இல் தேசிய முதலீட்டு நிறுவனம் தோன்றியது. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப் பொழுதுக்குள் கத்ரி நிறுவனத்தின் ஆட்சி மலேசியாவின் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வியர்வை சிந்திய தோட்டங்கள், ஒரு மரமும் அசையாமல், பங்குத்தாள் வழியே கைமாறின. தோட்டத்தைத் தோட்டமாக வாங்கும் காலம் போய், நிறுவனத்தைப் பங்காக வாங்கும் காலம் வந்தது என்று இந்தியத் தலைவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

அவ்வெண்ணத்தின் வெளிப்பாடே 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ். 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் தொகுதியின் உறுப்பினராகவும், 1979 முதல் 2010 வரை ம.இ.கா. தலைவராகவும் இருந்த ச. சாமிவேலு இதனை முன்னின்று நடத்தினார். ஏறத்தாழ 66,000 பேர் சேர்ந்து 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி அளவுக்குப் பங்கு வாங்கினர். சேமிப்பைக் கரைத்தும் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கிய தோட்டக் குடும்பங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. தோட்டத்துக்குள் அடங்கிக் கிடந்த சமூகத்தைக் காப்புறுதி, தொலைக்காட்சி, ஊர்தி விற்பனை முதலிய புதிய துறைகளில் புகுத்துதல் காலத்துக்கேற்ற முனைப்பே ஆகும்.

ஆனால் அம்முனைப்போடு தணிக்கையாளன் காணாமற் போனான். பால்மரத்தைப் படிக்கத் தெரிந்தவனால் காப்புறுதி நிறுவனத்தின் இருப்பு நிலையைப் படிக்க இயலவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறியும் நிறுமச் சட்டத்தில் இல்லை. அங்கே பங்குக்கே வாக்கு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமாகையால், பிடிக்கவில்லையெனில் விற்றுவிட்டு வெளியேறும் எளிய வழியும் சிறு பங்குதாரருக்கு வாய்க்கவில்லை. கண்ணும் இல்லை, குரலும் இல்லை, வாயிலும் இல்லை. எஞ்சியது ஒன்றே: தலைவரின் பெயர் மீது வைத்த நம்பிக்கை.

1990இல் டெலிகோம் மலேசியாவின் பங்குகளுள் ஒரு கோடி மைக்காவுக்கு ஒதுக்கப்பட்டது. அவற்றுள் 10 இலட்சம் பங்குகளையே மைக்கா பெற்றது. எஞ்சிய 90 இலட்சமும் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. 1992இல் இது வெளிப்பட்டபோது நாடெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. உரிய காலத்தில் பணம் திரட்ட இயலவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எனவே சட்டத்தின் முன் குற்றம் என ஒன்றில்லை. அதனை மீறிக் குற்றஞ்சாட்டுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று.

ஆயினும் சட்டத்தின் வினா வேறு. பங்குதாரரின் வினா வேறு. குற்றம் நிகழ்ந்ததா என்பது முன்னது. எமக்கு உரிய முடிவு எம்மிடம் சொல்லப்படாமல் ஏன் எடுக்கப்பட்டது என்பது பின்னது. முன்னதற்கு விசாரணை விடை தந்தது. பின்னதற்கு விடை கூற வேண்டியது நிருவாகம். முடிவு எடுத்த அன்றே பங்குதாரர்க்கு அறிவித்திருந்தால், ஈராண்டு கழித்துச் செய்தித்தாள் வழியே அவர்கள் அதனை அறிய வேண்டிய நிலை நேர்ந்திராது. பங்கின் மதிப்பு பணத்தில் சரியுமுன் நம்பிக்கையில் சரிந்தது. 2010இல் தனியார் நிறுவனம் ஒன்று, ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தந்து அவற்றை வாங்க முன்வந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தவரின் ஒரு வெள்ளி, விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிடாமலே, 80 காசாக நின்றது.

பெயர் முதலன்று, கடன்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து, கூட்டுறவு நல்லது, நிறுமம் தீயது என முடிவு கட்டுவோர் அவசரக்காரர் ஆவர். 1986இல் வைப்புத்தொகை பெற்ற 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளைப் பேங்க் நெகாரா முடக்க நேர்ந்தது. பல இலட்சம் மக்கள் தம் சேமிப்புக்காகக் கலங்கினர். அவையும் கூட்டுறவு என்னும் பெயரையே தாங்கி நின்றன. எனவே பெயர்ப்பலகையில் உள்ள சொல் எவரையும் காப்பதில்லை.

அவ்வாறே, ஒரு தலைவர் நல்லவர், மற்றவர் அல்லர் என்று ஆட்களின் குணத்தை எடைபோட்டு முடிப்பதும் போதாது. நல்லவர் தலைமை ஏற்றால் அமைப்பு நன்றாகும் என்பது பாதி உண்மை. அந்நல்லவர் மறைந்தபின் என்னாகும் என்பதே மீதிப் பாதி. துன் சம்பந்தனுக்குப் பின்னும் அவர் தொடங்கிய சங்கம் நின்றதற்குக் காரணம் அவர் பெயர் மட்டுமன்று. அவர் இல்லாத நாளிலும் கூட வேண்டிய பொதுக்கூட்டமும், காட்ட வேண்டிய கணக்கும் சட்டத்தால் வகுக்கப்பட்டிருந்தமையே ஆகும்.

நற்பெயரை அமைப்பின் முதல் எனக் கூறுதல் வழக்கம். நுணுகி நோக்கின் அது முதலன்று, கடன் என்பது விளங்கும். ‘உங்களை நம்பித் தருகிறேன்’ என்று கூறி ஒருவர் பணம் தரும்போது அமைப்பு பெறுவது பணம் மட்டுமன்று. நம்பிக்கையையும் கடனாகப் பெறுகிறது. அக்கடனுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய வட்டியே கணக்குக் காட்டுதல். இலாப ஈவு தரும் ஆண்டில் கணக்குக் காட்டுவது எளிது. இழப்பு நேர்ந்த ஆண்டிலும், தவறான முடிவு எடுத்த ஆண்டிலும் காட்டுவதே வட்டி செலுத்துதல். வட்டி நின்றால் கடன் பெருகும். பெருகிய கடனை ஒரு நாள் பெயரை விற்றே அடைக்க வேண்டி வரும்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரமாகவும் தெரிந்து வினையாடலை 52ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். ஆளைத் தேர்ந்து நம்புதலும், நம்பியவரிடம் வினையை ஒப்படைத்தலும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. சுற்றந்தழாலுக்குப் பின் 54ஆம் அதிகாரமாகப் பொச்சாவாமையை வைத்தார். நம்பி ஒப்படைத்த பின்னும் மறவாதிருத்தல் வேண்டும் என்பது அவ்வரிசையின் குறிப்பு எனக் கொள்ளலாம். இச்சமூகம் முன்னிரண்டு அதிகாரங்களை மேடைதோறும் முழங்கிற்று, பொச்சாவாமையை மறந்தது.

இன்றைய வினா

நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. அது நிலத்தைக் காத்தது. ஆனால் தொழிலாளியைத் தொழிலாளி என்னும் நிலையிலிருந்து உயர்த்தியதா என்னும் வினா அன்றே எழுந்தது. பங்கேட்டில் உடைமையாளனாக இருந்தவன் பிரட்டுக்களத்தில் கூலியாளாகவே நின்றான். ஆண்டுக்கொருமுறை கைதூக்கும் உரிமை, அன்றாட வேலையில் அவன் சொல்லுக்கு எடை தந்துவிடவில்லை. உடைமையில் பங்கு தருதல் ஒன்று. நிருவாகத்தில் பங்கு தருதல் மற்றொன்று. முன்னதைச் செய்த கூட்டுறவு இயக்கம் பின்னதை அரைகுறையாகவே செய்தது எனலாம்.

அதனினும் பெரிய மாற்றம் பின்னர் வந்தது. ரப்பர் அழிந்து செம்பனை எழுந்தது. பேராக்கின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவரின் மக்கள் ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். தாத்தாவின் பெயரிலுள்ள பங்குச் சான்று பெட்டியின் அடியில் கிடக்கிறது. சங்கத்தின் நிலத்தை நாள்தோறும் கண்ட கண் இன்று அங்கில்லை. எந்தக் கூறு கூட்டுறவைக் காத்ததோ, அந்தக் கூறு மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. மரத்தைப் படித்தவன் போனபின், ஐந்தொகையைப் படிப்பவன் அவ்விடத்துக்கு வந்தாக வேண்டும். வாராவிடின் கூட்டுறவுக்கும் நிறுமத்துக்கும் உள்ள வேற்றுமை விதிப் புத்தகத்தில் மட்டுமே எஞ்சும்.

இங்கேதான் எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை தொடங்குகிறது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையிலும் நாவலிலும் கங்காணியின் கொடுமை உண்டு. சயாம் மரண ரயிலின் அவலம் உண்டு. துண்டாடலின் கண்ணீரும் உண்டு. ஆனால் பத்து வெள்ளி கட்டிய ஒருத்தி பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்ட கேள்வியை அங்கே காண்பது அரிது. ஏமாற்றப்பட்டவனின் துயரை எழுதிய இலக்கியம், ஏமாறாதிருக்க ஒருவன் மேற்கொண்ட முயற்சியை எழுதத் தயங்கிற்று. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், தான்ஸ்ரீ கே.ஆர். சோமா பெயரால் அமைந்த மொழி இலக்கிய அறவாரியமும் நாவல் போட்டிகளுக்கும் நூற்பரிசுகளுக்கும் உதவி வந்துள்ளன. பால்மரத்தில் ஊறிய வெள்ளி இலக்கியத்துக்குப் பரிசாகத் திரும்பி வருவது பெருமைக்குரியது. பரிசு பெறும் இலக்கியம் பரிசு தரும் அமைப்பையும் நடுநிலையோடு ஆராயுமாயின், அதுவே அப்பரிசுக்குச் செலுத்தும் தக்க நன்றி. புகழ்ச்சியை விழா மலர்கள் செய்துகொள்ளும்.

இச்சமூகம் கணக்குக் கேட்க அறியாததன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறுவதற்காக ஐம்பதுகளில் தமிழ் முரசு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, எளியோரும் தம்மால் இயன்றதைத் தந்தனர். பயன் என்னவாயிற்று என்பதைப் பல்கலைக்கழகத்துத் தமிழே காட்டிற்று. கொடுத்தவன் கண்முன் பயன் நின்றால் அவன் மீண்டும் கொடுப்பான்.

தமிழ்ப்பள்ளிகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், குடவோலையோடு நிறுத்திவிடாமல், கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய பங்குச் சான்றை எடுத்துவந்து, அதன் ஆண்டறிக்கையைத் தமிழில் படித்துப் பொருள் கூறும் மாணவன் ஒருவன் வகுப்புக்கு ஒருவனாக உருவானாலும் போதும். பால்மரத்தின் பட்டையைப் படித்த பாட்டியின் கண் அப்போது அவனிடம் வந்து சேரும்.